ஒளிச்சு வெக்கறதுன்னா ஒழுங்கா ஒளிச்சு வை

நீ பண்ணுனது நெம்பச் சரி கண்ணு. புதுசா வந்த பையன் பக்கத்துல வந்து நின்னு, "அண்ணா, இந்த ரிப்போர்ட்ட எப்படிங்க ஓட்டறது?"ன்னு கேட்டானாம். நீ, "டாக்குமெண்ட்ல இருக்குது, பாத்துக்கோ"ன்னு சொன்னயாம். டாக்குமெண்ட்ல அது இல்லைன்னு உனக்குத் தெரியாதா? எழுதாம விட்டவனே நீதானே. இத நீ பெருமையா உன்ற அம்மாகிட்டச் சொல்லப் போக, அவ என்கிட்டச் சொல்லிப்போட்டா. அவளுக்கு வெசனம். எனக்குச் சந்தோசம். என்ற பேரன் பொழச்சுக்குவான்னு இப்பத்தான் ஒரு நம்பிக்கை வருது.

ஆனா ஒண்ணு சாமி, ஒளிக்கறதுலயும் நீ அரகொறைதான். பாதிய வாய் தவறிச் சொல்லிப்போடறே. மீதிக்கு மூஞ்சியில திருட்டு முழி வந்துருது. எறங்குன தொழிலச் சுத்தமாச் செய்யோணும். நான் பஞ்சாலையில பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். அங்க நாங்க பாத்த வித்தையில காவாசி கூட உங்க ஏசி ரூமுக்குள்ள இன்னும் வந்து சேரல. இலவசமாச் சொல்லித் தாறேன், கேட்டுக்கோ. உன்ற அம்மாயி காதுல மட்டும் விழாமப் பாத்துக்கோ. அவளுக்கு என்ற எகத்தாளம் புடிக்காது.

எங்க மில்லுல கார்டிங் மெசின்னு ஒண்ணு. பஞ்சச் சீவிச் சிக்கெடுக்கற மெசின். உள்ள சுத்தற சிலிண்டருக்கும், அதுகிட்ட இருந்து பஞ்ச வாங்கிக்கற டாஃபருக்கும் எடையில இருக்கற சந்து, ஒரு இஞ்ச ஆயிரம் பங்கு போட்டா அதுல அஞ்சு பங்கு. 'அஞ்சு தவ்'வும்போம். லீஃப் கேஜ் தகட உள்ள விட்டு அத செட் பண்ணோணும். சந்து கூடிப்போனா பஞ்சு டாஃபருக்குச் சரியா மாறாது. கொறஞ்சுபோனா கம்பிப்பல்லு ஒண்ணோடொண்ணு ஒரசி நாசமாப் போயிரும். கேஜ் எல்லாருகிட்டயும்தான் இருந்துச்சு. தகடு உள்ள போறப்ப கைக்கு எத்தன இறுக்கம் தட்டுப்படோணும்ங்கறது மட்டும் ஒரே ஒரு மேஸ்திரி கையிலதான் இருந்துச்சு.

அந்த மனுசன் ஸ்பேனரக் கையில எடுத்ததும் பக்கத்துல நிக்கற என்னயப் பாத்து, "டேய், ஓடிப்போயி ஒரு டீ வாங்கிட்டு வாடா"ம்பாரு. டீயோட வந்து பாத்தா வேலை முடிஞ்சிருக்கும். டீயக் குடிச்சுப்போட்டு, "பாத்துக்கிட்டியாடா, இப்படித்தான் பண்ணோணும்"பாரு. அங்க பாக்கறதுக்கு என்ன இருந்துச்சு? காலி டம்ளருதான் இருந்துச்சு. நான் அவருக்கு வாங்குன டீக்காசுல கேண்டீன்காரன் மாடி வீடு கட்டியிருப்பான். அவர் ஒரு நாளாச்சும் அதட்டுனாரா? இல்ல. 'உனக்குச் சொல்லித் தர மாட்டேன்'னாரா? இல்லவே இல்ல. கேட்டா, "நான் என்னத்த ஒளிச்சேன், எல்லாத்தையும் கண்ணு முன்னாலதான பண்றேன்"னு சத்தியம் பண்ணுவாரு. அது வித்தை! உன்ற 'டாக்குமெண்ட்ல இருக்குது'வும் அதே டீதான். ஆனா அவர் அனுப்புனா அஞ்சு நிமிசத்துல திரும்பிருவோம். நீ அந்தப் பையன நாலு நாளா இல்லாத பக்கத்தத் தேட உட்டுப்போட்டே. அவன் மேனேஜர்கிட்டப் போயி நின்னா என்ன பண்ணுவே? அதத்தான் அரகொறைங்கறேன்.

இத்தனைக்கும் அந்த மேஸ்திரி கெட்டவர் இல்ல. பதிலி ஆளா வருசக்கணக்குல மில்லு கேட்டு வாசல்ல நின்னு, கூப்புட்டா வேலை, கூப்படாட்டி ஊடுன்னு கெடந்து பர்மனெண்ட் ஆனவர். படிப்பு அஞ்சாங்கிளாசு. காடு தோட்டம் ஒண்ணுமில்ல. சொத்துன்னு இருந்தது அந்தக் கையிறுக்கம் மட்டுந்தான். அத எனக்குக் குடுத்துப்போட்டா, நாளைக்கு மேனேஜர் வந்து, "ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு பேரு? இளவட்டமா இருக்கறவனே போதும், சம்பளமும் கம்மி"ன்னு சொல்லீட்டா அவர் எங்க போவாரு? 'தெரிஞ்சத மறைக்கறது அல்பத்தனம்'னு மேடையில பேசறவங்கள நானும் பாத்திருக்கறேன். பாதிப்பேரு மாசம் பொறந்தாப் பென்சன் வாங்கறவங்க.

சங்க ஆபீசுல ஞாயித்துக்கெழமை வகுப்பெடுக்க ஒரு காலேசு வாத்தியார் வருவாரு. நாங்க தூங்கி வழியறதப் பாத்தாருன்னா கதைக்குத் தாவிருவாரு. அதுல ஒண்ணு பிரான்சு தேசத்து சர்க்கார் சிகரெட்டு ஃபேக்டரிக் கதை. மிசேல் குரோசியேன்னு ஒருத்தர் அங்கெல்லாம் போயி உக்காந்து பாத்து, 1963-ல அதப் புஸ்தகமாவே போட்டிருக்கறாரு. அந்த ஃபேக்டரியில எல்லாத்துக்கும் சட்டம். யாரு எந்த மெசின்ல நிக்கோணும், யாருக்கு எப்பப் பதவி உசரும், எல்லாம் சீனியாரிட்டிப்படி. டைரக்டரே நெனச்சாலும் ஒருத்தர அசைக்க முடியாது. அந்தச் சட்டத்துக்கு அடங்காதது ஒண்ணே ஒண்ணுதான். மெசின் எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. நின்னா ஓட்டறதுக்கு மெயின்டனன்ஸ் ஆளுங்க வரோணும். அவங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? மெசினோட வரைபடம், குறிப்பு எதுவும் ஃபேக்டரிக்குள்ள தங்காமப் பாத்துக்கிட்டாங்க. பழகுற பையனுக்குக் காதோட காதாச் சொல்லித் தாறதுதான் பாடம். மெசின்ல வேலை செய்யற பொம்பளைங்க தானா ஒரு திருகாணியத் தொட்டாக்கூடப் பெருங்குத்தம். டைரக்டருக்கு மரியாதை நாக்காலியில இருந்துச்சு, மெயின்டனன்ஸ் ஆளுக்கு மரியாதை ஸ்பேனர்ல இருந்துச்சு.

நாங்க அப்படியே நிமிந்து உக்காந்துட்டோம். பாதிப்பேருக்குப் பிரான்சு எந்தப் பக்கம்னே தெரியாது. ஆனா அந்த ஸ்பேனர்காரங்களத் தெரிஞ்சுது. மறுநாள் டீ வாங்கப் போறப்ப எங்க மேஸ்திரியப் பாத்து எனக்குச் சிரிப்புத் தாங்கல.

அதனால கண்ணு, காயிதமே இருக்கக் கூடாது. நீ அத நல்லாவே பண்ணியிருக்கறே. ஆனா ஸ்கிரிப்டுன்னு என்னமோ எழுதி வெச்சிருக்கறயாமே, அதுக்கு 'நியூ ஃபைனல் 2'ன்னு பேரு வேற வெச்சிருக்கறயாம். தேடிக் கண்டுபுடிக்க முடியாத பேருதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் எதுக்கு வம்பு? அழிச்சுப்போட்டு மனசுல வெச்சுக்கோ. உனக்கே மறந்துபோச்சுன்னா இன்னும் பத்திரம்.

பெரிய ஆளுங்க எப்படி ஒளிச்சாங்கன்னு தெரியோணும்னா உன்ற பெரியம்மா மக, நம்ம டாக்டரம்மா சொன்னதக் கேளு. பிரான்சுல மதக் கலகத்துக்குப் பயந்து இங்கிலாந்துக்கு ஓடியாந்த சேம்பர்லன்னு ஒரு குடும்பம். பதினாறு, பதினேழாம் நூத்தாண்டுச் சமாச்சாரம். பிரசவம் பாக்கறது அவங்க தொழில். கொழந்த தலை வெளிய வர முடியாமச் சிக்கிக்கிட்டா, அந்தக் காலத்துல தாயோ புள்ளையோ, சமயத்துல ரெண்டு பேருமோ போயிச் சேர வேண்டியதுதான். இவங்க ரெண்டு கரண்டி சேந்தாப்புல இடுக்கி ஒண்ணு செஞ்சு, புள்ளைய உசுரோட எடுத்தாங்க. ஃபோர்செப்சும்பாங்களே, அதுக்கு மூலம் அதுதான். அத ஊருக்குச் சொன்னாங்களா? தங்க வேலைப்பாடு செஞ்ச பெரிய பொட்டியில வெச்சு ரெண்டு பேரு சொமந்துட்டு வருவாங்களாம். வீட்டு ஆளுங்கள வெளிய தள்ளிக் கதவச் சாத்திருவாங்களாம். வலியில கெடக்கற அந்தப் பொம்பளைக்கும் கண்ணக் கட்டிருவாங்களாம். இரும்பு இரும்புல படற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு மணி அடிப்பாங்கன்னு கூட ஒரு பேச்சு உண்டு. நாலு தலைமுறை இப்படியே ஓட்டுனாங்க. ராசா வீட்டு வைத்தியம் வரைக்கும் போனாங்க.

ஹியூ சேம்பர்லன்னு அந்த வமுசத்துல ஒருத்தன் 1670-ல பாரிசுக்குப் போயி, ரகசியத்த வெலைக்குக் குடுக்கறேன்னான். அங்க பெரிய பிரசவ டாக்டரா இருந்த மோரிசோ, "பேச்சு எதுக்கு, செஞ்சு காட்டு"ன்னு, இடுப்பெலும்பு கோணி நாங்கெல்லாம் கைவிட்டுப்போட்டோம்னு சொன்ன ஒரு பொம்பளையக் காட்டுனாரு. இவன் மூணு மணி நேரம் மல்லுக்கட்டியும் முடியல. அந்தப் பொம்பள செத்துப்போனா. யாவாரமும் படியல. வந்தவன் சும்மா போகலை, மோரிசோ எழுதியிருந்த பிரசவப் புஸ்தகத்தக் கையோட இங்கிலாந்துக்குக் கொண்டுபோயி இங்கிலீசுல போட்டான். அடுத்தவன் எழுதுனத எடுத்து அச்சடிக்கலாம், தன்னோடத மட்டும் பொட்டிய உட்டு எடுக்க மாட்டான். உங்க ஆபீசுலயும் இப்படி ஆளுக உண்டாமே? எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுக் குறிச்சுக்குவான், இவங்கிட்ட ஒண்ணு கேட்டா நெட்டு ஸ்லோவா இருக்குதும்பான். 1813-ல எசெக்ஸ் பக்கம் அவங்க பழைய வீட்டு மச்சுல, தரைப்பலகைக்கு அடியில அந்த இடுக்கியெல்லாம் கெடைச்சுது. நூறு வருசத்துக்கு மேல ஒளிச்சு வெச்சு நல்லாச் சம்பாதிச்சாங்க. அந்த நூறு வருசத்துல அடுத்த தெருவுல செத்த பொம்பளைங்களுக்கு யாரு கணக்கு எழுதுனா?

டாக்டரம்மா இதச் சொல்லிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நான்தான், "பரவால்ல அம்மிணி, நம்ம பையன் வேலையில அந்தளவுக்கு யாரு உசுரும் போகாது, ஒரு ரிப்போர்ட்டுத்தான்"னேன்.

சரி, உன்ற கதைக்கு வருவோம். இத்தன கஷ்டப்பட்டு ஒளிச்சு நீ சம்பாதிச்சது என்னன்னு ஒரு கணக்குப் பாத்தயா? மாரியாத்தா நோம்பிக்கு ஊருக்கு வந்தே. பூவோடு எடுத்து ஊரே ஆடுது. நீ திண்ணையில லேப்டாப்ப மடியில வெச்சுட்டு, "ஆமாங் சார், இப்பப் பாத்தர்றனுங் சார்"னு இருக்கறே. உன்னய உட்டா யாருக்கும் தெரியாதாமே, பின்ன யாரக் கூப்புடுவாங்க? தெரியாதவனுக்கு ராத்திரித் தூக்கம் இருக்குது, தெரிஞ்ச உனக்கு இல்ல. அப்பறம் இன்னொண்ணு. உன்கூடச் சேந்தவன் ரெண்டு பேரு டீம் லீடர் ஆயிட்டாங்கன்னு குதிச்சயே? உன்னய எப்படி மேல ஏத்துவாங்க? ஏத்துனா அந்த ரிப்போர்ட்ட யாரு ஓட்டறது? நீ இல்லாம ஒண்ணும் ஓடக் கூடாதுன்னு நெனச்சே, ஓடல. அதனால உன்னய நகத்தவும் முடியல. எங்க மேஸ்திரியும் கடைசி வரைக்கும் கார்டிங் மேஸ்திரியாவேதான் ரிட்டயர் ஆனாரு. அவருக்காச்சும் மேல ஏறோணும்ங்கற ஆசை இல்ல.

இதுக்காக உன்ற கம்பெனிக்காரன நான் நல்லவன்னு சொல்லப் போறேன்னு நெனச்சுக்காதே. அவன் பண்ற கூத்துக்கு நீ ஒளிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். ஒளிக்காத எடமும் உண்டு, கேளு.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன்னு இருந்தாரே, 2018-ல போயிட்டாரு. அவர் 2006-ல இருந்து நெல் திருவிழா நடத்துனாரு. பாரம்பரிய நெல்லுல நூத்தி எழுவதுக்கு மேல தேடிக் கண்டுபுடிச்சவரு. வாற வெவசாயிக்கு ரெண்டு கிலோ வெதநெல்லு குடுப்பாரு, அடுத்த வருசம் நாலு கிலோவாத் திருப்பிக் குடுக்கோணும். காசு வேண்டாம். வந்தவங்க நெல்ல மட்டுமா வாங்குனாங்க? எப்ப நாத்து உடோணும், எந்த மண்ணுக்கு எது தாங்கும்னு ஒருத்தருக்கொருத்தர் வாய் வலிக்கப் பேசிக்கிட்டாங்க. ஒருத்தரும் ஒளிக்கல. வெவசாயி எல்லாம் புத்தரா? பொழிக்கல்ல ஒரு சாண் நகத்தி நட்டு, அதுக்காவ இருவது வருசம் கோர்ட்டுக்குப் போற சாதி கண்ணு நாம! அப்படியிருந்தும் ஏன் சொன்னோம்? பக்கத்துத் தோட்டத்துல காட்டுயானம் நெல்லு நல்லா வெளஞ்சா என்ற தோட்டத்துல ஒரு மூட்டை கொறையறதில்ல.

உன்ற ஆபீசுல கொறையுது. பத்துப் பேரு டீமுல ஒருத்தனுக்குத்தான் மொத ரேட்டிங், ஒருத்தன் கட்டாயமாக் கடைசியில நிக்கோணும்னு கணக்கு வெச்சிருக்கறாங்கன்னு நீதானே சொன்னே? அப்பறம் அந்தப் புதுப்பையனுக்கு நீ சொல்லிக் குடுக்கற ஒவ்வொரு வார்த்தையும் உன்ற போனஸ்ல இருந்து போகுது. மைக்ரோசாஃப்ட்காரனே இப்படித் தரவாரியாப் பிரிச்சு ஆளுகள ஒருத்தன்மேல ஒருத்தன ஏவி உட்டுப்போட்டு, 2013-ல இது வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டான். உங்க ஆளுக அவன் தூக்கிப் போட்டத எடுத்து அலமாரியில வெச்சுப் பூசை பண்றாங்களாட்ட இருக்குது.

இதுல வருசத்துக்கு ஒருக்கா 'அறிவுப் பகிர்வு வாரம்'னு கேக் வேற வெட்டறீங்களாம். தெரிஞ்சத எழுதிப் போட்டா ஒண்ணுக்கு எத்தன பாயிண்ட், பாயிண்ட் சேந்தா என்ன பரிசுன்னு. என்னாச்சு? எக்செல்லுல ரெண்டு கட்டத்த ஒட்டறது எப்படின்னு ஒருத்தன் எழுதிப் பரிசு வாங்கிட்டுப் போயிட்டான். நெசமா வெசயம் தெரிஞ்சவன் ஒருத்தனும் எழுதல. பரிசுக்கு எழுதறவன் எழுதற சாமான் வேற, எழுதாம வெச்சிருக்கறவன்கிட்ட இருக்கற சாமான் வேற. அப்பறம் 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்', அந்த 'கேடி' குடுக்கறதும்பீங்களே, அது எப்பக் கேப்பாங்க? வேலைய உட்டுப் போறப்ப, இல்லைன்னா போன்னு அனுப்பறப்ப. பத்து வருசமா 'உனக்கு என்னப்பா தெரியும்?'னு ஒருத்தனும் கேக்கலை, கெளம்பற மாசம் வந்து, 'தெரிஞ்சதெல்லாம் எழுதிக் குடுத்துட்டுப் போ'ம்பானாம். எழுதுவான், நல்லா எழுதுவான்! 'மொதல்ல கம்ப்யூட்டர ஆன் பண்ணவும்'னு ஆரம்பிச்சு அம்பது பக்கம் எழுதுவான்.

நீ வாங்கிக் குடுத்த செல்போன்ல நான் சீரியல் பாத்துட்டுக் கெடக்கறேன்னு நெனச்சயா? நம்ம ஊரு மோட்டார் பம்புக்குப் பேர் போனது, அதனால பம்புக் கதைன்னா நான் உட மாட்டேன். அதுல ஒண்ணு, ஒளிக்காமச் சொல்ல வெச்ச கதை. இங்கிலாந்துல கார்ன்வால்னு ஒரு சீமை. செம்பும் வெள்ளீயமும் தோண்டற சுரங்கம். ஆழம் போகப் போகத் தண்ணி ஊறுது, நீராவி எஞ்சின் வெச்சு எறைக்கோணும். அங்க நிலக்கரி கெடையாது, கடல் தாண்டி வரோணும், அதனால கரிச்செலவுதான் மொதலாளிக்கு வவுத்தெரிச்சல். ஜேம்ஸ் வாட்டோட எஞ்சின் கரிய நல்லா மிச்சம் பண்ணுச்சு. ஆனா மிச்சமான கரியோட வெலையில மூணுல ஒரு பங்கு வாட் கம்பெனிக்குக் கப்பம் கட்டோணும். வேற ஒருத்தன் அந்த எஞ்சின்ல கைய வெச்சுத் திருத்தம் பண்ணுனா கோர்ட்டு. 1800-ல பேட்டண்ட் முடிஞ்சுது, வாட்டோட ஆளுக மூட்டை கட்டிட்டாங்க. அப்பறம் கொஞ்ச காலத்துக்கு எஞ்சினெல்லாம் கேப்பாரில்லாமக் கெட்டுக் கெடந்துச்சு.

1811-ல ஜோயல் லீன்னு ஒரு சுரங்க மேனேஜர் ஒரு வேலை பண்ணுனாரு. மாசா மாசம் ஒரு அறிக்கை. எந்தச் சுரங்கத்துல எந்த எஞ்சின், எத்தன கரி தின்னுச்சு, அதுக்கு எத்தன தண்ணி எறைச்சுது, அத ஓட்டற எஞ்சினியர் யாரு, எல்லாம் அச்சுல. யாரு எஞ்சின் நல்லா எறைக்குதோ அங்க மத்தவங்க போயிப் பாத்து, அதே மாதிரி தன்னோடதுலயும் பண்ணிக்கிட்டாங்க. டிரெவிதிக்னு ஒரு எஞ்சினியர் 1812-ல புதுவிதமா ஒரு எஞ்சின் செஞ்சு, அதுக்குப் பேட்டண்ட்டே வாங்கல. இப்படி ஒருத்தர் ஒண்ணு, இன்னொருத்தர் ஒண்ணுன்னு சேத்துச் சேத்து, முப்பது முப்பத்தஞ்சு வருசத்துல அதே கரிக்கு மூணு மடங்குக்கு மேல தண்ணி எறைச்சாங்க. இவங்கெல்லாம் தருமவானுங்களா? அதுதான் இல்ல. சுரங்கத்துல பணம் போட்டவங்க ஒரே சுரங்கத்துல போடல, பத்துச் சுரங்கத்துல பங்கு வெச்சிருந்தாங்க. எந்த எஞ்சின் நல்லா ஓடுனாலும் அவங்களுக்கு லாபம். எஞ்சினியருக்கு? அறிக்கையில பேரு மேல வந்தா அடுத்த சுரங்கத்துக்காரன் வந்து கூப்புடுவான். ஒளிச்சா பேரு வராது. சொன்னாத்தான் பொழப்புங்கற மாதிரி கணக்க மாத்தி வெச்சாங்க, எல்லாரும் சொன்னாங்க. அம்புட்டுத்தான். யாருக்கும் புத்திமதி சொல்லல, கேக்கும் வெட்டல.

உன்ற மேனேஜரு இதப் பண்ணுவானா? பண்ண மாட்டான். நீ சொன்னத அவன் பேருல மேல அனுப்பறவன் அவன். ஜெராக்ஸ் கம்பெனியில இதப் பண்ணுனாங்க. ரிப்பேர்க்காரங்க கூடவே சுத்துன ஜூலியன் ஓர்ன்னு ஒருத்தர், மேனுவல்ல இல்லாத சீக்கயெல்லாம் அவங்க காப்பி குடிக்கறப்பவும் டிபன் திங்கறப்பவும் கதையாப் பேசித்தான் தீத்துக்கறாங்கன்னு எழுதுனாரு. பொறவு அந்தச் சரக்க ஒரே எடத்துல சேத்தப்ப, சொன்னவன் பேரோடவே ஏத்துனாங்க. கூட வேலை செய்யறவங்களே சோதிச்சுப் பாத்துத்தான் ஏத்தறது. மேனேஜர் வாயப் பாத்துட்டு நிக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு இருக்குது. இத நான் உன்ற அம்மாகிட்டச் சொல்லல, உன்கிட்ட மட்டும் சொல்றேன். ஒளிக்கறவங்களப் பூராம் வருசக்கணக்காப் பாத்தவன் நான். பாதிப்பேரு ஒளிக்கறது தெரிஞ்சத இல்ல, தெரியாதத. எங்க மேஸ்திரி ஒரு நாள் காச்சல்ல படுத்துட்டாரு. நான் ஊட்டுக்கே போயி, "இறுக்கம் எத்தன இருக்கோணும்ங்க, நீங்க வாயில சொல்லுங்க, நான் போயிப் பண்ணிடறேன்"னு நின்னேன். அவர் பாவம், கைய ஆட்டுறாரு, வெரலத் தேய்க்கறாரு, வார்த்தை வரல. "வந்து... கொஞ்சம் புடிக்கோணும்டா, நெம்பப் புடிக்கக் கூடாது"ன்னாரு. நாப்பது வருசத் தொழிலு. அத்தனைதான் அவரால சொல்ல முடிஞ்சுது. கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த சொல்லும் எத்தன நாளைக்குன்னு சும்மாவா சொன்னாங்க? கூட நின்னு கையப் புடிச்சுப் பழகுனாத்தான் அது வரும். எங்கள டீக்கு அனுப்புனதுல பாதி ஒளிக்கறதுக்கு, பாதி இந்தச் சங்கடத்துக்கு.

இப்ப உன்கிட்டக் கேக்கறேன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதே. அந்த ரிப்போர்ட்டுல மூணாவதா ஒரு பட்டன அழுத்தி, பத்து நிமிசம் பொறுத்து மறுக்கா அழுத்தறயே, அது எதுக்குன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. உன்ற சீனியர் அப்படிப் பண்ணுனான், நீயும் பண்றே. அவனும் உன்னய டீக்கு அனுப்புனவன்தான். "அண்ணன் ஒண்ணுஞ் சொல்லித் தர மாட்டேங்கறாரு அப்பிச்சி"ன்னு நீ இங்க வந்து மூக்க உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்குது. அந்தப் பையன் வந்து, "ஏனுங்ணா ரெண்டு தடவ அழுத்தறீங்க?"ன்னு கேட்டுட்டா என்ன பண்றதுன்னுதான் உனக்கு ஒதறல். ரகசியமெல்லாம் ஒண்ணுமில்ல அப்புனு, பொட்டி காலி.

அதனால திங்கக்கெழமை போயி அவனப் பக்கத்துல உக்கார வெச்சு, அவன் கையிலயே ஓட்டச் சொல்லு. நீ கையக் கட்டிக்கோ, வாய மட்டும் தொறந்து வை. அவன் எதுக்குன்னு கேட்டா, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, ரெண்டு பேரும் சேந்து பாருங்க. எழுதறத அவன எழுதச் சொல்லு, கீழ ரெண்டு பேரு பேரையும் போடு, மேனேஜருக்கு அனுப்பறப்ப இன்னும் நாலு பேருக்குச் சேத்து அனுப்பு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்ட வேண்டாம். ரேட்டிங் முடியற வரைக்கும் ஒண்ணு ரெண்டு கையில இருக்கட்டும், நானும் ஒலகம் தெரிஞ்சவன்தான். ஆனா அந்த ரிப்போர்ட்டு இந்த வாரமே போயாகோணும். அதுதான் உன்னய அந்த நாக்காலியோட கட்டி வெச்சிருக்குது.

வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சுப்போட்டு எனக்குப் போன் பண்ணு. பண்ணலைன்னு வெய்யி, சனிக்கெழமை நானே சரவணம்பட்டியில இருக்கற உன்ற ஆபீசுக்குப் பஸ் ஏறி வந்து அந்தப் பையனப் பாத்து, உன்ற எடத்த ஆறு மாசத்துல எப்படிப் புடிக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு வந்துருவேன். எனக்கு ஒளிச்சு வெக்கறதுக்கு ஒண்ணுமில்ல, நான் ரிட்டயர் ஆனவன்.